பழைய ரிவால்வர் வாங்கப் போகிறீர்களா? பிடியைக் கழற்றிப் பாருங்கள்

நம் குமரி மாவட்டத்தில் பழைய ரிவால்வருக்கு முதல் எதிரி ஈரம். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்று, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக் குளிர்ச்சி, போதாததற்கு வருடம் இரண்டு பருவமழை. தோலுறையோடு பீரோவில் பூட்டிக் கிடந்ததும், தேர்தல் சமயத்தில் ஒப்படைத்து மாதக்கணக்கில் எண்ணெய் காணாமல் இருந்ததும் பழுதுபார்க்க என்னிடம் வரும்போது வெளியே மின்னும். விற்பதற்கு முன் தேய்த்துக் கருப்பு ஏற்றிவிடுவார்கள்.

சிலிண்டர், அதாவது தோட்டா போடும் சுழல் உருளை, காலி என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு, மரப்பிடியைக் கழற்றச் சொல்லுங்கள். அடியில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தால் மேல்பூச்சை நம்ப வேண்டாம். வரிசை எண் மழுங்கியிருந்தால் பேச்சே வேண்டாம், நடையைக் கட்டுங்கள்.

அடுத்தது, அது துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஆகுமா என்பது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் பிரிவில் குண்டின் விட்டம் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரை அனுமதி, ரிவால்வரும் சேர்த்தி. .32 அங்குல ரிவால்வர் அந்த அளவுக்குள் வரும். ஆனால் இங்கே அதிகம் கைமாறும் .32 தற்காப்புக்காகச் செய்தது. குழல் குட்டை, பின்குறியை, அதாவது குறி பார்க்கும் பின்பக்கக் காடியை, திருகி நகர்த்த முடியாது. மலிவு என்று அதை வாங்கிவிட்டு இலக்கு அட்டையின் 50 மில்லிமீட்டர் பத்துப் புள்ளி வட்டத்தைத் தேடுவது வீண்பாடு. குழல் 153 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், நகர்த்தக்கூடிய பின்குறியோடு இருப்பதைப் பாருங்கள்.

என் கணக்கில் பாதி நேரம் சிலிண்டருக்கே போக வேண்டும். ஹேமரை, அதாவது பின்னால் உள்ள சுத்தியலை, மெல்ல, மிக மெல்ல இழுங்கள். அது முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் 'டிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். தோட்டா உட்காரும் ஒரு அறையில் சரியாக இருந்தால் போதாது, ஆறிலும் பாருங்கள். போட்டியில் ஒரு தொடருக்கு ஐந்து தோட்டாதான். அதற்காக ஆறாவது அறையை விட்டுவிடாதீர்கள், எந்த ஐந்தில் போடுவோம் என்று யாருக்குத் தெரியும்? பூட்டு தாமதமானால் குண்டு குழலின் வாயை உரசிக்கொண்டு நுழையும். ஈயச் சிதறல் பக்கத்தில் நிற்பவர் மேல் தெறிக்கும். சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பாருங்கள். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் நல்லது. முன்னும் பின்னும் ஆட்டம் கண்டால் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

'டிரிகர் ரொம்ப லேசு சார்' என்பார்கள் விற்பவர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வரும். இந்தப் பிரிவில் டிரிகர் குறைந்தது 1000 கிராம் தாங்க வேண்டும். ஹேமரை ஏற்றி, குழலை மேல்நோக்கி நிறுத்தி, டிரிகரில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டுத் தூக்குங்கள். ஹேமர் விழுந்தால் யாரோ உள்ளே அரம் போட்டிருக்கிறார்கள். அதைக் கையில் வைத்திருப்பதே ஆபத்து.

காகிதம் விஷயம் சுருக்கம்தான். உங்கள் கையில் உரிமம் இருக்க வேண்டும். தனியாரிடம் வாங்கினால், விற்பவர் உங்கள் பெயர், முகவரியோடு மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகே துப்பாக்கி கைமாறலாம். 'இன்றைக்கே எடுத்துக்கொண்டு போங்கள்' என்பவரிடம் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

முடிந்தால் விலை பேசும் முன்பே, உரிமக்காரரையே அனுமதி பெற்ற ரேஞ்சில் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். அறைகளுக்குச் சாக்குக்கட்டியால் எண் போட்டு, ஒவ்வோர் அறையின் குண்டும் எங்கே விழுகிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே அறையின் குண்டு மட்டும் திரும்பத் திரும்ப விலகிப் போனால், அந்த ரிவால்வர் போட்டிக்கு உதவாது.