மூடுபனியில் பிரிந்துபோகும் ரெசின் அடுக்குகள்

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். வேரோடு பிடுங்கிய பழைய தேயிலைக் கட்டையோடு நீலம், வெள்ளை, பச்சை என்று எப்பொக்சி ரெசின் என்ற இறுகும் பிசினை அடுக்கடுக்காக வார்த்து, பேனா செய்யக் கடைசலில் ஏற்றினால், உளி பட்டதும் நீலமும் வெள்ளையும் சேரும் கோட்டிலேயே பிளந்துவிடுகிறதாம். மூன்று தடவை இப்படி ஆகிவிட்டது. வீட்டில் நாவூறு என்கிறார்கள்.

நாவூறு இல்லை, தம்பி. நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: பின்னேரம் வார்த்துவிட்டு, மணம் போக யன்னலைத் திறந்து வைத்து, அடுத்த நிறத்தை விடிந்த பிறகு ஊற்றுகிறீர்கள்.

கட்டையைக் காயவைப்பது, அளவு பார்த்துக் கலப்பது, மைக்கா தூள் சேர்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விடுவோம். ரெசின் மூலக்கூறின் நுனியில் இரண்டு காபன், ஒரு ஒட்சிசன் சேர்ந்த ஒரு சின்ன முக்கோணம் இருக்கிறது. வளைத்துக் கட்டிய மூங்கில் மாதிரி, எப்போது அவிழலாம் என்று இறுகி நிற்கும் முக்கோணம். இறுகுவதற்காக ரெசினோடு கலக்கும் ஹார்ட்னரில் உள்ள அமைன் என்ற மூலக்கூறு வந்து தொட்டதும் அது திறந்து அமைனைப் பிடித்துக்கொள்ளும். இப்படிக் கோடிக்கணக்கில் கைகோத்துத்தான் திரவம் கல்லாகிறது. முதல் அடுக்கு பாதி இறுகி, கையுறை விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் நிறம் பிடிக்காமல் இருக்கும்போது, அதன் மேற்பரப்பில் இன்னும் சேராத முக்கோணங்களும் அமைன்களும் மிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் அடுத்த நிறத்தை ஊற்றினால் நிறங்கள் கலக்காது, ஆனால் மூலக்கூறுகள் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கைகோத்துக்கொள்ளும்! கண்ணுக்கு இரண்டு அடுக்கு, வேதியியலுக்கு ஒரே பொருள். எனக்கு இதைவிட அழகான விஷயம் இந்த வேலையில் இல்லை.

இப்போது நம் ஊர்க் குளிரைச் சேருங்கள். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ்தான், இரவில் இன்னும் இறங்கும். 10 பாகை குறைந்தால் தாக்கத்தின் வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். கைகோக்கத் தாமதமாகும் அமைன்கள் மேற்பரப்பில் காத்துக் கிடக்க, திறந்த யன்னலால் வரும் மூடுபனியின் ஈரமும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் அவற்றைப் பிடித்துக் காபமேற்று என்ற மெழுகு போன்ற படலமாக்கிவிடும். அதன்மேல் ஊற்றிய வெள்ளை நீலத்தைத் தொடவே இல்லை.

தலவாக்கலையில் தேயிலைக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிறு பட்டறை வைத்திருப்பவர் இப்படி ஒரு கேள்வியோடு போய் நிற்கவும் மலையகத்தில் ஓர் இடம் வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்கத்தான் வேண்டும். பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில்தான் எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகின்றன.

சரி, செய்ய வேண்டியது இவ்வளவுதான். அச்சை ஒரு மூடிய பெட்டியில் வைத்து 25 பாகை அளவில் சூடு காட்டுங்கள், விடியக் காத்திராமல் அந்த ஒட்டும் பதத்திலேயே அடுத்ததை ஊற்றுங்கள். தூங்கிப்போய்ப் பதம் தவறிவிட்டதா? நன்றாக இறுகவிட்டு, கையுறையோடு ஈரவிரலால் தடவிப் பாருங்கள். சவர்க்காரம் போல வழுக்கினால் உடனே உப்புத்தாள் போடாதீர்கள், தேய்த்தால் படலம் இன்னும் பரவும். தின்னரும் வேண்டாம். அந்தப் படலம் நீரில் கரைவது, வெதுவெதுப்பான வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்துக் காயவிட்டு, அப்புறம் 120 உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிவிட்டு வெள்ளையை ஊற்றுங்கள்.