‘நாங்களே விசாரித்துவிட்டோம்’ என்று சொல்லும் நிர்வாகிகளுக்கு

சென்ற வாரம் ஒரு தந்தை, கோடு போட்ட நீள நோட்டின் ஜெராக்ஸ் நகலை என் மேசையில் வைத்தார். ஒரு மத அமைப்பு நடத்தும் விடுதியின் நிர்வாகக் கூட்டக் குறிப்பு அது. (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒன்றரைப் பக்கத்தில் குழந்தையின் முழுப் பெயர் நான்கு இடங்களில் இருந்தது. அந்தக் குழந்தையிடம் பாலியல் குற்றம் செய்தவரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவர் ‘மேற்படி நபர்’. அவரை வெளியூர்க் கிளைக்கு மாற்றியதாகவும், ‘விஷயம் சுமுகமாக முடிந்ததாகவும்’ கடைசி வரி சொன்னது. கீழே ஐந்து நிர்வாகிகளின் கையெழுத்து. ஆறாவது கையெழுத்து அந்த அப்பாவுடையது.

மடம், தேவாலயம், மதரஸா, ஆசிரமம் என்று தாளின் தலைப்புதான் மாறுகிறது. வாசகம் மாறுவதே இல்லை. எத்தனை தாள்களைத்தான் பார்ப்பது?

நிர்வாகிகளைக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: “உண்மையா பொய்யா என்று தெரியாமல் எப்படிங்க போலீசுக்குப் போவது? முதலில் நாங்கள் விசாரித்தோம்.”

ஐயா, விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவில், உங்களிடம் நிரூபணம் கேட்கவே இல்லை. குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் தகவல் கொடு என்கிறது. சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திடமோ கொடுக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையம். உங்கள் தலைமைப் பீடத்துக்கு எழுதிய கடிதம் இந்தக் கணக்கில் வராது. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர்மீது சிவில், கிரிமினல் எந்தப் பொறுப்பும் விழாது என்று அதே பிரிவு உறுதி கொடுக்கிறது. ஆனால் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால், 21-ஆம் பிரிவின்படி யாராக இருந்தாலும் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்ததை நிறுவனத் தலைவரே மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். துறவிக்கு, குருமாருக்கு, பரம்பரை அறங்காவலருக்கு என்று விதிவிலக்கு ஒரு வரிகூட இல்லை.

இந்த ‘விசாரணை’ குழந்தைக்கு என்ன செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐந்து பெரியவர்கள் நாற்காலியில். எதிரே நிற்பது ஒன்பது வயதுக் குழந்தை. “கடவுள்மேல் சத்தியமாகச் சொல்லு.” முதல் நாள் பாதி சொல்லும். மறுநாள் வேறு யாரோ கேட்கும்போது கொஞ்சம் மாற்றிச் சொல்லும். மூன்றாம் நாள், “ஒண்ணும் நடக்கல” என்று சொல்லி அழும். பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் இந்த மூன்று நாளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார். குறுக்கு விசாரணையில் நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், இன்னமும் மனசு பதறும். சட்டம் காட்டும் வழி வேறு. குழந்தையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும்.

இடமாற்றம் தண்டனையே அல்ல. புது ஊர், புதுக் குழந்தைகள், அவ்வளவுதான். நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நடந்த பாலியல் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையம், மத அமைப்புகளில் இந்த இடமாற்றப் பழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. நம் சட்டமோ, மத நிறுவனத்தின் ஊழியரோ நிர்வாகியோ அங்குள்ள குழந்தையிடம் செய்யும் குற்றத்தைக் கடுமையான வகையில் தனியாகவே வைத்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்த வகைப் பாலியல் வன்புணர்வுக்குக் குறைந்தபட்சமே இருபது ஆண்டு. இவ்வளவு பெரிய குற்றத்தை நோட்டில் எழுதி முடிக்கப் பார்க்கிறீர்கள்.

பெற்றோர்களே, குழந்தையை விடுதியில் சேர்க்கும் முன், தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி விடுதிக்கு வாங்கிய உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். குழந்தை ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாதீர்கள், திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள், அது சொன்ன வார்த்தைகளை அப்படியே தேதி போட்டு எழுதிவையுங்கள். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். விஷயம் தெரிந்தவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அந்தக் குழந்தையின் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

அப்புறம் அந்த அப்பா கேட்டது: “நானே கையெழுத்துப் போட்டுட்டேனே மேடம், இனிமே கேஸ் கொடுக்க முடியுமா?”

முடியும். போக்சோ குற்றத்தைப் பெற்றோர் சமரசம் செய்து முடிக்க முடியாது. ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர்மீதான வழக்கை, சிறுமியின் அப்பா சமரசமாகிவிட்டார் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி வழக்கைத் தொடரச் சொன்னது. உங்களிடமும் அப்படி ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால், மிரண்டு போய் அதைக் கிழித்துவிடாதீர்கள். பத்திரமாக எடுத்துக்கொண்டு இன்றே காவல் நிலையத்துக்குப் போங்கள். யாருக்கெல்லாம் விஷயம் தெரிந்திருந்தது, எந்தத் தேதியில் தெரிந்திருந்தது என்று காட்டும் ஆவணம் அதுதான்.