பழைய ரீஃப் தொட்டியில் கல்லை நகர்த்தும் முன்

"அண்ணே, ராத்திரி முழுக்க ஒரே குளிரு. வாயில சில்லறைக் காசைப் போட்டுச் சப்புற மாதிரி ஒரு ருசி. கிளினிக்ல ஃப்ளூன்னு சொல்லி மாத்திரை குடுத்துட்டாங்க."

சிங்கப்பூரில் ரீஃப் தொட்டிகளை, அதாவது மீனும் பவளமும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். அன்று, இப்படிச் சொன்ன வாடிக்கையாளரின் வீட்டில் கற்களை மாற்றி அடுக்குவதாக இருந்தோம். ஐந்து வருடம் ஓடிய நாலடித் தொட்டி. கற்களை மதில் மாதிரி அடுக்கியிருந்ததால் பின்பக்கம் நீரோட்டமே போகவில்லை. அழுக்கு தேங்கிப் பாசி பிடித்தபடியே இருந்தது. எனக்கு வேலை குறையட்டும் என்று முதல் நாள் மாலையே ஒரு கல்லை வெளியே எடுத்து, குழாயடியில் வைத்து, பழைய பல் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்திருக்கிறார். ஏர்கான் ஓடியதால் ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது.

"கல்லு மேல பழுப்பா, பட்டன் பட்டனா ஏதாவது இருந்துச்சா?"

"ஆமாண்ணே, அதைத்தான் தேய்ச்சு எடுத்தேன்."

கற்களை அப்படியே விட்டுவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னேன். பாலிடாக்சின் என்ற நஞ்சின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோகச் சொன்னேன். இரண்டு நாள் உள்ளே வைத்திருந்து அனுப்பினார்கள்.

அந்தப் பட்டன்கள் பாலித்தோவா என்ற, கல்லில் ஒட்டி வளரும் கடல் உயிரினம். சோவாந்தஸ் என்ற பட்டன் பவளத்துக்கு நெருங்கிய சொந்தம். 1971-இல் ஹவாயில் இந்த இனத்திலிருந்து பிரித்தெடுத்த நஞ்சுதான் பாலிடாக்சின். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் சவ்விலும், சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் ஒன்று இருக்கிறது. இந்த நஞ்சு அதில் போய் ஒட்டிக்கொண்டால் பம்ப் வெறும் ஓட்டையாகிவிடும். மாற்று மருந்து கிடையாது. மூச்சையும் இதயத்தையும் கவனித்துக்கொண்டு உடம்பு தேறும்வரை பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. எல்லாப் பாலித்தோவாவிலும் ஒரே அளவு நஞ்சு இருப்பதில்லை. ஆனால் எதில் அதிகம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

கை வெட்டுக்காயம் வழியாகவும் ஏறும், கண்ணில் தெறித்தால் கருவிழியைக் கெடுக்கும். வீடுகளில் நான் அதிகம் பயப்படுவது மூச்சு வழியாகப் போவதைத்தான். தேய்க்கும்போது தெறிக்கும் நுண்துளியும், வெந்நீரிலிருந்து எழும் ஆவியும் நஞ்சைச் சுமந்துகொண்டு அறை முழுக்கப் பரவும். கொதிக்கவைத்தால் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். போகாது, சூட்டுக்கு இது அழியாது. 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயரில், ஒருவர் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்ததில், உதவிக்கு வந்த மீட்புப் பணியாளர்கள் உட்பட 10 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

அதனால் கல்லில் கை வைக்கும் முன் டார்ச் அடித்து எல்லாப் பக்கமும் பாருங்கள். பட்டன் இருந்தால் தேய்க்காதீர்கள், சுரண்டாதீர்கள், உடைக்காதீர்கள். முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தைகளும் நாய் பூனையும் அந்த அறையில் வேண்டாம். சம்ப்பில், அதாவது தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில், நீரைச் சுத்தப்படுத்தும் கார்பன் கரியைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். துடைத்த துணி, வாளி எல்லாவற்றையும் பிளீச் கரைசலில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். வாயில் உலோக ருசி, இருமல், நெஞ்சு இறுக்கம், காய்ச்சல் என்று எது வந்தாலும் மருத்துவரிடம் முதலில் தொட்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது ஃப்ளூதான்.

மீன்களுக்கு வரும் ஆபத்து மணலில் இருக்கிறது. வருடக்கணக்காக அசையாத கல்லுக்கு அடியில் மணல் கறுத்திருக்கும். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஒரே நாளில் எல்லாக் கல்லையும் தூக்கினால் அதுவும் தேங்கிய அழுக்கும் சேர்ந்து தண்ணீரில் கலந்து, மறுநாள் அமோனியா ஏறி நிற்கும். கல்லைத் தூக்கும்போதே சைஃபன் குழாயை அந்த இடத்தில் பிடித்து, கறுப்பு மணலை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அதே உப்பளவில், அதே சூட்டில் புதுநீர் தயாராக இருக்க வேண்டும். திரும்ப வைக்கும்போது அடிக்கல் மணலின் மேல் உட்காரக் கூடாது, தொட்டியின் தரையில் உட்கார வேண்டும். பிஸ்டல் இறால் அடியில் குழி பறித்தால் மணல்மேல் நிற்கும் கல் சரிந்து கண்ணாடியில் விழும்.

கையை விடும் முன் ஹீட்டர், பம்ப் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது.

அவர் தேறி வந்த பிறகு மூன்று சனிக்கிழமைகளில் அந்த வேலையை முடித்தோம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு கற்கள் வீதம். நிழலில் இருந்த பவளங்களை மேலே ஏற்றியதால் விளக்கின் அளவைக் குறைத்து, சில வாரங்களில் மெல்லக் கூட்டினோம். அவர் தேய்த்த கல்லைத் தொட்டியில் திரும்பப் போடவில்லை. பட்டன் மூடிய இன்னொரு கல் இடது மூலையில் இருந்தது. அதை அசைக்காமல், மற்றவற்றை அதைச் சுற்றி அடுக்கினோம்.