திருவிழா நெருங்குகிறது என்று சிமெண்டு பூசாதீர்கள்

கிராமத்துக் கத்தோலிக்கத் திருத்தலங்களிலிருந்து எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது வருபவை. "சார், கீழ்ச்சுவர் பூரா பொரிஞ்சு கொட்டுது. டைல்ஸ் ஒட்டிரலாமா, இல்ல சிமெண்டு பூசி பெயிண்ட் அடிச்சிரலாமா?" பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் என் வேலை. இரண்டுமே வேண்டாம், உதிர்ந்ததைத் துடைப்பத்தால் தட்டிவிட்டு, இந்த வருஷத்துக்கு வெறும் சுண்ணாம்பு அடித்து ஒப்பேற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பங்குப் பேரவைக்கு, அதாவது ஆலய நிர்வாகத்தைக் கவனிக்கும் ஊர்க் குழுவுக்கு, அந்தப் பதில் பிடிக்காது. வெளியூரிலிருந்து ஜனம் வருகிற நேரத்தில் சுவர் அப்படி இருந்தால் ஊருக்குத்தானே அவமானம் என்பார்கள். அந்த மனக்கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த அவசரத்தில் பூசப்பட்ட சிமெண்டுதான் நான் பார்த்த பல சிற்றாலயங்களின் செங்கல்லை அரித்துத் தின்றிருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சில தலங்களில் கட்டடத்துக்கு முன்பே ஜனம் வந்துவிட்டது. ஓரியூர் அப்படிப்பட்ட ஊர். லிஸ்பனில் 1647-ல் பிறந்து, மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்து, அருளானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்ட இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ 1686-லேயே மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதை பட்டவர். இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி விட்டார்கள். ஐரோப்பா போனவர் 1690-ல் திரும்பி வந்துவிட்டார். அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியோடு மட்டும் வாழ்வதென்று மற்றவர்களை விலக்கினார். அப்படி விலக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்தச் சீமையை ஆண்ட மன்னர் கிழவன் சேதுபதிக்கு உறவுப் பெண். அதன் முடிவாக 1693 பிப்ரவரி 4 அன்று பாம்பாற்றங்கரையில், ஓரியூரில், அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. முந்தைய நாள் காவலில் இருந்தபடியே கரியைக் கரைத்து மையாக்கி அவர் கடிதம் எழுதியிருக்கிறார். புனிதர் பட்டம் கிடைத்தது 1947 ஜூன் 22-ல். மக்கள் அந்த மணல்மேட்டைத் தேடி வரத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் முன்பே. அங்கே மணல் சிவந்திருப்பது அவர் ரத்தம் பட்டதால் என்பது நம்பிக்கை. ஒரு பிடி மணலை முடிந்துகொண்டு போய் வீட்டில் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு.

மண்ணுக்கே இவ்வளவு மரியாதை உள்ள சீமையில், இப்போது ஊர் ஊராகக் கோயிலைச் சுற்றி மண்ணே தெரியாமல் பேவர் பிளாக் பதிக்கிறோம். சேறு இல்லாமல் சப்பரம் சுற்றி வர வசதிதான். ஆனால் அடியில் சிமெண்டுத் தளம் போட்டுச் சுவரோடு ஒட்டிப் பதித்துவிட்டால், மழைக்காலத்தில் தரைக்குள் போன ஈரம் வெயில் காலத்தில் மண் வழியாக வெளியே போக வழியில்லை. அது அஸ்திவாரத்தை நோக்கி நகர்ந்து சுவரில் ஏறும். கொத்தனார்கள் ஓதம் என்று சொல்வது இதைத்தான். சுவரிலிருந்து மூன்றடியாவது வெறும் மண்ணாகவோ கூழாங்கல்லாகவோ விட்டுவிட்டு, அதற்கு அப்பால் பதியுங்கள். தரை வெளிப்பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும்.

சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவில் சிமெண்டு வணிக அளவில் உற்பத்தியாகத் தொடங்கியது 1914-ல், போர்பந்தரில். அது நம் கிராமங்களுக்கு வந்து சேர இன்னும் பல வருஷம் ஆனது. ஆகவே உங்கள் சிற்றாலயம் நூறு வருஷத்துக்கு மேற்பட்டது என்றால் அது சுண்ணாம்புக் காரையில் கட்டியது என்று எடுத்துக்கொள்ளலாம். சிவகங்கை மாவட்டம் இடைக்காட்டூர் திருஇருதய ஆலயத்தைப் போய்ப் பாருங்கள். பெர்தினாந்து செல்லே என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு 1894-ல் கட்டி முடித்தது. பிரான்சின் ரைம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டிய கோதிக் பாணிக் கோயில் அது. அதற்கென்றே அச்சில் வார்த்துச் சுட்ட விதவிதமான செங்கல், ஓடு, சுண்ணாம்புச் சாந்து, இவைதான் அதன் உடம்பு. பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரைத் தளத்துக்கு மறுபடி வந்தது 1837-ல். அதன்பிறகு இந்த வட்டாரத்துச் சின்னச் சின்னக் கிளைக் கிராமங்களில் எழுந்த கோயில்களுக்கும் உடம்பு இதுவேதான், அலங்காரம் மட்டும் குறைவு.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் அடித்ததும் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசி எமல்சனும் அடித்துவிட்டால் வாங்கிய ஈரத்தை விட முடியாது. ஈரம் பூச்சு முடிகிற இடம்வரை மேலே ஏறிப் போகும். இரண்டடியில் இருந்த ஓதம் சிமெண்டு பூசியபின் ஆளுயரத்துக்கு வந்துவிட்டது என்று ஊரில் சொல்வார்களே, காரணம் அதுதான். ஈரத்தில் கரைந்திருக்கும் உப்பு, காய்கிற இடத்தில் பரல் பரலாகத் திரண்டு, செங்கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்தே பிளக்கும். வெளியே சிமெண்டு பளிச்சென்று நிற்கும். தட்டிப் பார்த்தால் டொக்கு டொக்கென்று ஓட்டைச் சத்தம் கேட்கும். அதைப் பெயர்த்தால் உள்ளே செங்கல் மாவாகிக் கையில் கொட்டும். டைல்ஸ் ஒட்டினாலும் இதே கதைதான்.

உப்பு என்றதும் இன்னொன்று. அந்தோணியார் குருசடிகளில், அதாவது தெருவோரச் சிறு வழிபாட்டு இடங்களில், உப்பும் மிளகும் போடுவது நம் ஜனங்களின் பழைய நேர்ச்சை. பல இடங்களில் அதைப் பீடத்தின் அடியிலோ, சுவர் மூலையிலோ, கொடிமரத்துத் திண்ணையிலோ கொட்டுகிறார்கள். நவநாள் ஜெபம் முடிந்து, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவார். அந்த உப்புத்தண்ணீர் எங்கே போகும்? அப்படியே சுவரின் காலுக்குள். ஒரு குருசடியில் மற்ற மூன்று சுவரும் கல் மாதிரி நிற்க, உப்புப் போடுகிற பக்கத்துச் சுவர் மட்டும் முழங்கால் உயரத்துக்கு அரித்துப்போய், வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் பூத்திருந்தது. விரலால் தொட்டேன், நாக்கில் வைத்தேன், கரித்தது. நேர்ச்சையை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. சுவரிலிருந்து பத்தடி தள்ளி, சுரூபத்தை (புனிதர் சிலையை) பார்த்தபடியே நிற்கும் இடத்தில் ஒரு கல்தொட்டி வையுங்கள். அன்றாடம் காய்ந்தபடியே அள்ளி எடுங்கள், கழுவாதீர்கள். ஏற்கெனவே உப்பு ஏறிய சுவருக்கு வைத்தியம் உண்டு: காகிதக் கூழை நல்ல தண்ணீரில் பிசைந்து சுவரில் அப்பி, காய்ந்ததும் உரித்தெடுத்துத் தூரப் போட வேண்டும். உப்பு அந்தக் கூழுக்கு வந்துவிடும். இதைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும்.

மெழுகுவர்த்திக்கும் கோயிலுக்கு வெளியே கூரை போட்ட, நான்கு பக்கமும் திறந்த இடம் தேவை. கரி ஏறாது, தீப்பிடிக்கும் பயமும் இல்லை. சுவரில் படிந்த மெழுகை மரத்துண்டால் சுரண்டுங்கள். வெந்நீர் ஊற்றினால் அது உருகி உள்ளே போய்விடும்.

அப்புறம் மேல்தளம். மரக்கட்டை பாவி, செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி கெட்டித்து, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் உங்களுடையது என்றால், ஒழுகுகிறது என்று அதன்மேலேயே மறுபடி கான்கிரீட் கொட்டாதீர்கள். பாரம் ஏறும், அடியில் கட்டைமுனை சுவருக்குள் மக்கிக்கொண்டே இருக்கும், வெளியே தெரியாது. முதலில் மழைநீர் வெளியே விழும் தண்ணீர்த் தாரைகளைப் பாருங்கள். நான் பார்த்த ஒழுகலில் பாதிக்குக் காரணம் இலை அடைத்த தாரை. கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று விரல் பருமன் ஆகிவிட்டால் இழுத்துப் பிடுங்கக் கூடாது, செங்கல்லோடு வரும். அறுத்துவிட்டு, வேரைப் பட்டுப்போகச் செய்து, பிறகு காரையால் அடைக்க வேண்டும்.

இத்தனை சொன்னபிறகும் "சிமெண்டுன்னா ரெண்டு நாள்ல முடிஞ்சிரும் சார்" என்பார்கள். உண்மைதான், சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றிக் குழியில் வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டும். (நீற்றும்போது கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.) கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்ப்பதில் கொத்தனாருக்குக் கொத்தனார் பக்குவம் மாறும். பூச்சை மெல்லிசாக, ஒன்று இறுகியபின் அடுத்தது என்று போட்டு, ஈரச்சாக்கு தொங்கவிட்டு நிதானமாகக் காயவைக்க வேண்டும். இந்த வேலை தெரிந்த பெரிய கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரோடு ஊர் இளைஞர் இரண்டு பேரைச் சித்தாளாக விட்டால், அடுத்த தடவை வெளியூரில் ஆள் தேட வேண்டியதில்லை.

இடிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். தரையில் கிடக்கும் கல்லில் குருவின் கல்லறை எழுத்து இருக்கும், வாசல்படியில் உபயக்காரர் பெயர் இருக்கும். கிரானைட் போடும்போது அவையெல்லாம் அடியில் போய்விடுகின்றன. ஒவ்வொரு கல்லையும் சாய்வெளிச்சத்தில் படம் எடுங்கள். பங்கில் உள்ள ஞானஸ்நானம், திருமணம், இறப்புப் பதிவேடுகளில் ஊர்க் குடும்பங்களின் வரலாறே இருக்கிறது. கரையான் அதைக் கேட்டுக்கொண்டு வராது, பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஒரு பிரதியை மறைமாவட்ட அலுவலகத்தில் வையுங்கள். பழைய மரச் சுரூபத்துக்கு எனாமல் அடிக்க உபயம் தருகிறேன் என்று யாராவது வந்தால், பங்குத்தந்தையிடம் 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1189-ஆம் விதியைக் காட்டுங்கள். மக்கள் வணக்கத்துக்கு வைத்திருக்கும் அருமையான சுரூபங்களை, மறைமாவட்டத் தலைமையின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிச் சீரமைக்கக் கூடாது, அனுமதி தருமுன் தேர்ந்தவர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. இந்தச் சிற்றாலயங்களில் மிகப் பல தொல்லியல் துறைப் பட்டியலில் இல்லாதவை. காவல் காக்க வேண்டியது பங்கு மக்கள்தான்.

பணம் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குத்தான் வருகிறது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடுதான் வளைவும் டைல்ஸும் கேட்கிறார்கள். தண்ணீர்த் தாரைக்கும் வடிகாலுக்கும் உபயக்காரர் பலகை வைத்த ஒரு பங்கைப் பார்த்தேன். ஒரே வருஷத்தில் பணம் சேர்ந்துவிட்டது. எந்த ஊரிலும் இதைச் செய்யலாம்.

ஆண்டு வேலையை மழையை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள். ஆனி ஆடியில் சுண்ணாம்பு நீற்றிக் குழியில் போடுங்கள். புரட்டாசிக்குள் மேல்தளம், தாரை, வடிகால் எல்லாம் சுத்தமாகட்டும். ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை அடிக்கும்போது ஒருவர் குடை பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்து, தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். உள்ளே ஓதம் ஏறிய உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பூச்சு வேலையைத் தையில் மழை ஓய்ந்தபின் தொடங்கி, கத்திரி வெயிலுக்கு முன் முடித்துவிடுங்கள். மாசி பங்குனியில் திருவிழா வருகிற ஊர் என்றால் அதைத் தாண்டித் தொடங்குங்கள், அல்லது அடுத்த தைக்குத் தள்ளிப் போடுங்கள். வருஷா வருஷம் அந்தப் பென்சில் கோடு கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் பூச்சில் கை வைக்காமல் மறுபடி வடிகாலைத் தோண்டிப் பாருங்கள்.