பாடக்குறிப்பு வாய் திறந்து பேசுவது எப்படி?

நாகர்கோவிலில் ஒரு கல்லூரி வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் தட்டச்சு செய்த பாடக்குறிப்பு வாட்ஸ்அப்பில் எல்லா மாணவர்களுக்கும் போகிறது. அவர்களில் ஒருவர் பார்வையற்ற மாணவி. தலைப்பில் ‘தமிழ்’ என்று அச்சாகியிருக்கும் இடத்தில் அவருடைய கணினி, “ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி” என்று ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுகிறது. அல்லது அதை ஓர் ஆங்கிலச் சொல்லாக எண்ணி எதையோ உளறுகிறது. கணினியில் கோளாறு ஒன்றும் இல்லை. கோப்புக்குள் உண்மையில் இருப்பது அதுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது குமரி மாவட்டம். படிப்புக்குப் பேர்போன இந்த மண்ணில், ஒரு பாடக்குறிப்பு சிலருக்கு மட்டும் ஊமையாகிப் போவது ஏன் என்பதை விளக்கமாகப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை யாரோ முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். யூனிகோடு என்னும் ஒருங்குறி, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் ஒதுக்கியிருக்கிறது. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. அந்தக் கணக்கில் ‘தமிழ்’ என்ற சொல் ஐந்து எண்களாகச் சேமிக்கப்படுகிறது: த என்பதற்கு 2980, ம என்பதற்கு 2990, இகரக் கொக்கிக்கு 3007, ழ என்பதற்கு 2996, புள்ளிக்கு 3021. உலகின் எந்த மூலையில் உள்ள கணினியும் இந்த எண்களைக் கண்டவுடன் இது தமிழ் என்று அறிந்துகொள்ளும்.

ஒருங்குறி பரவலாகும் முன் நம்மவர்கள் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஆங்கில எழுத்துகளின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றின் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்தார்கள். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பல ஆண்டுகள் கோலோச்சிய பாமினி எழுத்துரு அப்படிப்பட்டது. அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது 106, 107, 112, 111, 59. திரையிலும் தாளிலும் அழகான தமிழ் தெரியும். அந்த எண்களைக் கணினி கேட்கும்போதோ அவை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அந்தக் காலத்தில் தமிழைக் கணினியில் ஏற்றிய பெருமை இத்தகைய எழுத்துருக்களுக்கு உண்டு. அதை மறக்கக் கூடாது. ஆனால் அவை கண்ணுக்காக மட்டுமே செய்யப்பட்டவை.

சரியான எண்கள் உள்ளே இருந்தால் அடுத்து நடப்பது வியப்பான வேலை. திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் திரையில் உள்ள எழுத்துகளை எடுத்துப் பேச்சொலி இயந்திரத்திடம் கொடுக்கிறது. கைப்பேசியில் டாக்பேக், கணினியில் என்விடிஏ ஆகியவை பலர் பயன்படுத்துபவை. என்விடிஏ 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் தொடங்கியது. காசு கொடுக்க வேண்டியதில்லை.

பேச்சொலி இயந்திரத்துக்குத் தமிழில் காத்திருக்கும் சோதனை, ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள் இருப்பது. நம் ஊர்ப் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘குளச்சல்’ என்பதில் முதலெழுத்தான ககரம் வல்லொலி. ‘தக்கலை’யில் இரட்டித்து வருவதால் இன்னும் அழுத்தம். ‘திங்கள்நகர்’ என்பதில் ஙகர மெய்யை ஒட்டி வருவதால் மென்மை. அதே சொல்லின் ‘நகர்’ பகுதியில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே சிக்கி இன்னும் மெலிந்துவிடுகிறது. இதுவரை விதி எழுதிவிடலாம். ‘நாகர்கோவில்’ வந்ததும் விதி திணறுகிறது. ‘மார்கழி’யில் ரகர மெய்க்குப் பின் வரும் ககரம் மென்மையாக ஒலிப்பதால், அதே விதிப்படி இயந்திரம் ‘கோவில்’ என்பதையும் மெலித்துச் சொல்லப் பார்க்கும். இது இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர், இரண்டாவது சொல் புதிதாகத் தொடங்குகிறது என்று அதற்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். ‘பஸ்’, ‘காந்தி’ போன்ற சொற்களுக்குத் தனி அகராதி தேவை. எண்கள் இன்னொரு தொல்லை. “1956-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது” என்ற வரியில், எண்ணைச் சொல்லாக விரித்து, அதோடு வேற்றுமை உருபையும் புணர்த்தி, “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில்” என்று இயந்திரம் சொல்ல வேண்டும்.

பழகிய பார்வையற்ற வாசகர்கள் இந்தக் குரலை நம்மால் பின்தொடரவே முடியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள். மனிதக் குரல்போல் இனிமையாக இருப்பதைக் காட்டிலும், வேகம் கூடினாலும் சிதையாமல் இருப்பதே அவர்களுக்கு முக்கியம். அதனால்தான் கேட்பதற்கு வறட்டுக் குரலாகத் தோன்றும் ஈஸ்பீக் என்னும் இயந்திரத்தைப் பலர் இன்றும் கைவிடவில்லை.

அதே எண்களைக் குரலாக மாற்றாமல் பிரெய்ல் புள்ளிகளாகவும் மாற்றலாம். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல் ஏற்கப்பட்டது. விரலால் தடவிப் படிக்கும் அதன் ஒவ்வொரு கட்டத்திலும் 1 முதல் 6 வரை எண்ணிட்ட புள்ளியிடங்கள் உண்டு; ‘க’ என்பது 1, 3 ஆகிய இரண்டு புள்ளிகள். ‘கொ’ என்று எழுத, ககரத்தை அடுத்து ஒகரம். பிரெய்ல் காட்சிப்பலகையில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு ஊசி. அதன் அடியில் மின்னழுத்தம் பட்டால் வளையும் பீங்கான் பட்டை இருக்கிறது. அது வளைந்து ஊசியை மேலே தள்ளும். ஒரு வரியைத் தடவி முடித்துப் பொத்தானை அழுத்தினால் ஊசிகள் அடுத்த வரியாக எழும். விலைதான் நம் கல்லூரி நூலகங்களுக்கு எட்டாக்கனியாக இருக்கிறது.

ஒருங்குறியில் தட்டச்சு செய்துவிட்டாலே எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். பிடிஎஃப் அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடும். பிடிஎஃப் கோப்பு அடிப்படையில் ஒரு வரைபடம்: எந்த உருவத்தை எந்த இடத்தில் வரைவது என்பதுதான் அதன் முதல் கவலை. ‘கொல்லங்கோடு’ என்ற பெயரின் முதல் எழுத்தை அது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று உருவங்களாக இடமிருந்து வலமாக வரைகிறது. இந்த மூன்றும் சேர்ந்தது ‘கொ’ என்று சொல்லும் அட்டவணை கோப்பில் சரியாக இல்லாவிட்டால், வெளியே எடுக்கும்போது ‘ெகால்லங்ேகாடு’ என்று வந்து விழும். இதைச் சோதித்துப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கே என்ன தெரிகிறதோ அதைத்தான் பார்வையற்ற மாணவர் கேட்கப்போகிறார். ஒன்றுமே வராவிட்டால் அந்தப் பக்கம் வெறும் படம். அவருக்கு அது வெற்றுத்தாள். என் விருப்பம் வெளிப்படையானது: பாடக்குறிப்பை வேர்டு கோப்பாகவோ இணையப் பக்கமாகவோ கொடுங்கள், பிடிஎஃப் வேண்டுமானால் கூடவே அதையும் கொடுங்கள்.

தலைப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபது பக்கக் குறிப்பில் வேண்டிய பகுதியைக் கண் ஒரே பார்வையில் பிடித்துவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. என்விடிஏ பயன்படுத்துபவர் இணையப் பக்கத்தில் ‘எச்’ விசையை அழுத்தினால் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். ஆனால் தட்டச்சு செய்தவர் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டு நகர்ந்திருந்தால் அது கணினிக்குத் தலைப்பே அல்ல. முறையான தலைப்புப் பாணியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இரண்டு சொடுக்கு வேலை.

படங்களுக்கு மாற்று விளக்கம் எழுதும்போது, படத்தில் இருப்பதைச் சொல்வதைவிடப் பாடத்துக்கு வேண்டியதைச் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல் காற்றாலைகள் ஆகியவற்றின் வரைபடத்துக்கு “காற்றாலைப் படம்” என்று எழுதினால் மாணவிக்கு ஒன்றும் கிடைக்காது. “இருபுறமும் மலைகள், நடுவே குறுகிய கணவாய், மேற்கிலிருந்து வரும் அம்புக்குறிகள் கணவாயில் நெருக்கமாகின்றன, கிழக்குப் பக்கச் சமவெளியில் காற்றாலைகள்” என்று எழுதினால், காற்று ஏன் அங்கே வேகம் பிடிக்கிறது என்பதை அவரே ஊகித்துவிடுவார்.

கணிதம்தான் நெடுங்காலமாகக் கைக்கு அகப்படாமல் இருந்தது. “ஏ கூட்டல் பி வகுத்தல் சி” என்று குரல் சொன்னால், ஏயையும் பியையும் கூட்டிய பிறகு வகுப்பதா, பியை மட்டும் வகுப்பதா? தாளில் கோட்டின் நீளம் அதைச் சொல்லிவிடும். பதினான்கு வயதில் பார்வையை இழந்தவரும் புனேயில் பிறந்தவருமான டி. வி. ராமன், 1994-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த மென்பொருள் இதற்கு ஓர் அருமையான விடை கண்டது. சமன்பாட்டின் அமைப்பைப் புரிந்துகொண்டு, குரலின் ஏற்ற இறக்கத்தாலேயே அதைக் காட்டியது: அடுக்குக்குறி வந்தால் குரலின் சுருதி உயரும். 1998-இல் வந்த மேத்எம்எல் என்னும் முறை, சமன்பாட்டைப் படமாக ஒட்டாமல் அமைப்போடு இணையப் பக்கத்தில் எழுத வழி செய்தது. இயற்பியல், கணித ஆய்வுக்கட்டுரைகளின் பெரும் களஞ்சியமான ஆர்க்கைவ், 2023 டிசம்பர் முதல் புதிய கட்டுரைகளை இணையப் பக்க வடிவிலும் தரத் தொடங்கியதற்குப் பார்வையற்ற ஆய்வாளர்களின் தேவை ஒரு முக்கியக் காரணம்.

கல்விக் கருத்தரங்குகளுக்கு வருவோம். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய ஒரு மாநாடுதான் இன்று நாம் பயன்படுத்தும் தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. இத்தனைக்குப் பிறகும் “ஆய்வுக்கட்டுரைகளைப் பாமினி எழுத்துருவில் அனுப்புக” என்று கருத்தரங்க அழைப்பிதழ்கள் வருவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அப்படித் தொகுத்து அச்சிட்ட ஆய்வுக்கோவையை இணையத்தில் தேடினாலும் அகப்படாது. பார்வையற்ற ஆய்வாளரால் கேட்கவும் முடியாது. அழைப்பிதழில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்.

அரங்குக்குள் செவித்திறன் குறைந்தவர்களுக்குத் துணை, பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் மென்பொருள். அது ஒலியை நொடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளியில் துண்டுபோட்டு, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று அளந்து, எந்த எழுத்தாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணிக்கிறது. தமிழில் ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்று ஒரே சொல் நீண்டுகொண்டே போவதால், முழுச்சொல் பட்டியலை நம்பாமல் சொல்லை உறுப்புகளாகப் பிரித்துக் கற்கும் முறைதான் கைகொடுக்கிறது. கற்பித்த பதிவுகளில் விளவங்கோட்டுப் பேச்சு குறைவாக இருந்தால் விளவங்கோட்டார் பேசும்போது பிழை மிகும். அரங்கின் எதிரொலியும் ஒலிகளை ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே ஒலிவாங்கி வாய்க்கு அருகே இருக்க வேண்டும். கேள்வி நேரத்தில் யாராவது எழுந்து, “எனக்கு மைக் வேண்டாம், குரலே போதும்” என்று உரக்கப் பேசும்போது, அரங்கில் இருப்பவர்களுக்குக் கேட்கும். எழுத்தாக்கும் மென்பொருளுக்கும் வீட்டிலிருந்து இணைந்திருப்பவருக்கும் அந்தக் கேள்வி போய்ச் சேரவே சேராது. ஒருங்கிணைப்பாளர்கள் இதில் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் கைக்குழந்தையோடு ஆய்வு செய்யும் பெண்ணுக்கும் அந்த இரவு ரயில் பயணம் எளிதல்ல. 2020-இல் பெருந்தொற்று கருத்தரங்குகளைத் திரைக்கு மாற்றியபோது, அவர்களில் பலருக்குக் கதவு திறந்தது. அதை மீண்டும் சாத்திவிடக் கூடாது. இணைய வேகம் குறைந்த மலையோரப் பகுதிகளுக்கு ஒரு கணக்கு உதவும்: நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேர வீடியோ ஏறத்தாழ 450 எம்பி, சுமாரான தரத்தில் வெறும் ஒலி 15 எம்பிக்குள், அதே உரை ஒருங்குறி எழுத்தாக, நாற்பதாயிரம் எழுத்துக்குறிகள் என்றாலும், 120 கேபிதான். உரையை எழுத்தாகவும் கொடுப்பவர் பார்வையற்றவருக்கும் காது கேளாதவருக்கும் சிக்னல் கிடைக்காதவருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கிறார்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இடம் கொடுத்துச் சேர்த்துக்கொண்ட மாணவருக்குப் பாடம் போய்ச் சேர வேண்டாமா?

பழைய குறிப்புகளை மாற்றும் வேலையை நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களே எடுத்துச் செய்யலாம். பாமினியை ஒருங்குறியாக்கும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. ஒரே ஓர் எச்சரிக்கை: கோப்பு முழுவதையும் அப்படியே மாற்றியில் போட்டுவிடக் கூடாது. மழையளவைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘எம்எம்’ என்று அடித்திருந்தால், மாற்றி அதையும் பாமினி என்று எண்ணி ‘அஅ’ என்று ஆக்கிவிடும். “45 அஅ மழை” என்று மாணவி கேட்பார். வேர்டில் எழுத்துருவை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. அதைக் கொண்டு பாமினிப் பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். பிறகு தலைப்புகளுக்குப் பாணி கொடுத்து, படங்களுக்கு விளக்கம் சேர்த்து, துறையில் உள்ள பார்வையற்ற மாணவர் ஒருவரிடம் கொடுத்து முழுவதையும் கேட்டுச் சொல்லச் சொல்லலாம். பிழை எங்கே என்று அவரைவிடத் துல்லியமாக வேறு யாரும் சொல்ல முடியாது. அந்த உழைப்புக்கு அவருக்கு மெய்ப்புத் திருத்துநருக்குரிய ஊதியத்தைக் கல்லூரி கொடுக்க வேண்டும்.