அமெரிக்காவில் டீச்சர் வேலையா? கையெழுத்துக்கு முதல் கடதாசியை வாசியுங்கள்

போன மாதம் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். கணித ஆசிரிய ஆலோசகர் என்பதால் பத்தாம் வகுப்புப் பக்கம்தான் என் கால் முதலில் போகும். உள்ளே டீச்சர் இல்லை. கரும்பலகையில் யாரோ எப்போதோ பாதியில் விட்ட சமன்பாடு அப்படியே கிடக்கிறது, பிள்ளைகள் அதற்குக் கீழே கிரிக்கெட் ஸ்கோர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதிபரின் பட்டியலில் கணிதத்துக்கு ஆள் உண்டு! அவர் சம்பளமற்ற விடுமுறையில் மாலைதீவில், ஏதோ ஒரு தீவில், இதே பத்தாம் வகுப்புக் கணிதத்தைப் படிப்பித்துக்கொண்டிருக்கிறார். 2022 நெருக்கடியில் அரசாங்கமே சுற்றறிக்கை விட்டு, சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காமல் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம் என்றது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஏனென்றால் 2021இல் மூன்று மாதத்துக்கு மேல் ஒன்லைன் வகுப்பைப் பகிஷ்கரித்துப் போராடியவர்களில் நானும் ஒருவன். இருபத்துநான்கு வருடச் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கேட்டோம், 2022 ஜனவரியில் கிடைத்தது, அந்த முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழு சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. படுவான்கரையின் பட்டிப்பளைக்கும் வெல்லாவெளிக்கும் வாவியின் கிழக்குப் பக்க எழுவான்கரையிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் இளம் டீச்சரிடம் பெற்றோல் கணக்கைக் கேட்டுப் பாருங்கள், மீதி அவரே சொல்வார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கே திரும்பும் வழியில் அப்படி ஓர் இளம் ஆசிரியர் என்னை மறித்தார். "சேர், இத ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள காசு கட்டணுமாம்." போனில் ஒரு ஒப்பந்தம். அமெரிக்காவில் ஒரு கிராமத்துப் பாடசாலை, வருடம் 45,000 டொலர், ஏஜென்சிக்காரருக்கு 22 இலட்சம் ரூபாய். தம்பி அதை ஏற்கெனவே முந்நூறால் பெருக்கி, வீட்டுக்கு அத்திவாரமும் போட்டுவிட்டார், மனதுக்குள். எல்லோரும் செய்யும் பிழைதான் அது: சம்பளத்தை ரூபாயில் எண்ணுவோம், செலவை எண்ணவே மாட்டோம். அங்கே கிராமத்தில் பஸ் கிடையாது, கார் வேண்டும். வாடகை, வரி, காப்புறுதி எல்லாம் டொலரில்தான் போகும்.

முதலில் ஒரு கேள்வி கேட்டேன்: அந்தப் பாடசாலை ஏன் உன்னைத் தேடுகிறது? அங்கேயும் இங்கே மாதிரித்தான், தம்பி. அதே படிப்புப் படித்து வேறு வேலைக்குப் போனவர்களை விட அமெரிக்க ஆசிரியர் வாரத்துக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக உழைக்கிறார். அதனால் அந்த ஊர்ப் பட்டதாரிகள் வர மாட்டேன் என்கிறார்கள், சம்பளத்தைக் கூட்டுவதை விடப் பிலிப்பைன்சிலிருந்து ஆள் எடுப்பது சுலபமாகப் படுகிறது. மாலைதீவிலிருந்து அமெரிக்கா வரை இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி எது தெரியுமா? கிரிக்கெட் ஸ்கோர் எழுதிய அந்தக் கரும்பலகைதான்.

அப்புறம் விசா. அவருக்குச் சொன்னது ஜே-1. அது சட்டப்படி கலாசாரப் பரிமாற்ற விசா. மூன்று வருடம், நீடித்தால் ஐந்து, அதற்கு மேல் இல்லை. முடிந்தபின் இரண்டு வருடம் வெளியில் இருந்துவிட்டுத்தான் திரும்பவும் ஆசிரியராக அதில் போகலாம். விசா இருப்பது ஸ்பொன்சரின், அதாவது இந்தப் பரிமாற்றத்தை நடத்த அமெரிக்க அரசு அங்கீகரித்த நிறுவனத்தின் பிடியில், பிடிக்கவில்லை என்று நீங்களாகப் பக்கத்துப் பாடசாலைக்கு மாற முடியாது. இன்னொன்று, நம்மவர்களில் பலர் தடுக்கி விழும் இடம் இது: பட்டம் வேண்டும், இரண்டு வருட அனுபவமும் வேண்டும். தாழங்குடாவிலோ அட்டாளைச்சேனையிலோ கல்வியியற் கல்லூரியில் எடுத்த டிப்ளோமாவை மட்டும் வைத்துக்கொண்டு போக முடியாது. இந்தத் தம்பியிடம் இருந்தது அந்த டிப்ளோமா மட்டும்தான். ஏஜென்சிக்காரர் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

எச்-1பி என்ற வேலை விசா எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இன்னும் கவனம். 2025 செப்டம்பரிலிருந்து வெளியிலிருந்து வரும் புதிய விண்ணப்பத்துக்கு வேலை கொடுப்பவர் 1,00,000 டொலர் கட்ட வேண்டும். டீச்சருக்கு 45,000 கொடுக்கவே திணறும் பாடசாலை அதைக் கட்டுமா?

லூசியானா மாநிலத்துக்குப் போன சுமார் 350 பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களின் கதையையும் சொன்னேன். ஒவ்வொருவரும் ஏறக்குறைய 16,000 டொலர் கட்டிப் போய், அங்கே சம்பளத்திலும் ஏஜென்சிக்குப் பங்கு கொடுக்க வேண்டி வந்தது. 2012இல் ஜூரி அவர்களுக்கு 45 இலட்சம் டொலர் கொடுக்கச் சொன்னது. வழக்காட அவர்களுக்குப் பின்னால் தொழிற்சங்கம் நின்றது. தனியாகப் போகிற நம்ம பிள்ளைக்கு யார் நிற்பது?

போகாதே என்று நான் சொல்லவில்லை, சொல்லும் தகுதியும் எனக்கில்லை. ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேள், ஸ்பொன்சரின் பெயரை எழுத்தில் வாங்கு, அது அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார், அதுவரை ஒரு சதமும் கட்டாதே என்றேன். "சரி சேர், மறுகா வந்து சொல்றன்" என்று போனார்.

இரண்டு நாளில் வந்தார். ஸ்பொன்சர் பெயரைக் கேட்டதிலிருந்து ஏஜென்சிக்காரர் போன் எடுப்பதில்லையாம். அந்தப் பத்தாம் வகுப்புக்கு இப்போது செவ்வாயும் வியாழனும் நானே போகிறேன், மற்ற மூன்று நாளும் கரும்பலகை பிள்ளைகளின் கையில்தான்.