போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது

சர்க்கரை நோயுள்ள எங்கள் நாய் பொன்னிக்குக் காலை ஏழு மணிக்கு இன்சுலின் போடுவது அம்மாவின் வேலை. அன்று ஆனிச் சாரல் விடியும் முன்பே பிடித்துக்கொண்டது. மழையென்றால் ரப்பர் பால்வெட்டு கிடையாது. அதனால் அப்பா வீட்டில் இருந்தார். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், நாய்க்குச் சோறு வைத்து அவரே ஊசியும் போட்டுவிட்டார். திரும்பி வந்த அம்மா, வழக்கம்போல் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, வழக்கம்போல் நான்கு யூனிட் எடுத்து, வழக்கம்போல் போட்டார்.

பத்து மணியளவில் பொன்னி துவைகல்லில் தலையை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னின. கூப்பிட்டால் திரும்பவில்லை. சாளை மீன் தலையை மூக்குக்கு நேராக நீட்டினேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்கள் ஊசி போட்டீர்களா?" என்று அம்மா அப்பாவைக் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. நான்கு யூனிட் போக வேண்டிய உடம்பில் எட்டு யூனிட் போயிருந்தது.

பொன்னி, எல்லோரும் பொமரேனியன் என்று சொல்லும் வெள்ளை ஸ்பிட்ஸ். எடை பத்து கிலோ. பத்து கிலோ நாயின் உடலில் ஓடும் ரத்தம் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆரோக்கியமான நாயின் ஒவ்வொரு 100 மில்லிலிட்டர் ரத்தத்திலும் ஏறத்தாழ 80 முதல் 120 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். கணக்குப் போட்டால், மொத்த ரத்தத்திலும் சேர்த்து ஒரு கிராம் அளவுக்குத்தான் வருகிறது. கால் தேக்கரண்டிச் சர்க்கரை! இந்தக் கால் தேக்கரண்டி பாதியானால் நாய் தள்ளாடும். அதற்கும் கீழே போனால் வலிப்பு வரும். மூளை தனக்கென்று சர்க்கரையைப் பெரிதாகச் சேமித்து வைப்பதில்லை, ரத்தம் கொண்டுவருவதை அவ்வப்போது வாங்கிச் செலவழிக்கிறது. அன்றாடங்காய்ச்சி என்று சொல்லலாம்.

தசையும் கொழுப்பும் அப்படியல்ல. அவற்றின் செல்களுக்குள் குளுக்கோஸ் தாராளமாக நுழைய இன்சுலின் வேண்டும். மூளைக்கோ இன்சுலினின் தயவு வேண்டியதில்லை. ரத்தத்தில் சர்க்கரை இருந்தால் போதும். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. அளவுக்கு மீறி இன்சுலின் போனால், தசையும் கொழுப்பும் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பதையெல்லாம் அள்ளிக்கொள்கின்றன. கல்லீரலும் தன் கையிருப்பை வெளியே விடாமல் பூட்டிக்கொள்கிறது. மூளை பட்டினி கிடக்கிறது.

கணையம் நன்றாக இருக்கும் நாய்க்கு இது நேராது. சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும். ஏற்கெனவே சுரந்தது சில நிமிடங்களில் சிதைந்துபோகும். ஊசியில் போட்ட இன்சுலினுக்கு இந்த விவேகம் கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்று அது பார்ப்பதில்லை. தோலுக்கடியில் தங்கி, மணிக்கணக்கில் கரைந்து வந்துகொண்டே இருக்கும்.

மெதுவாகக் கரைவதற்காகவே அதைத் தயாரிக்கிறார்கள். நாய்களுக்கு அதிகம் பயன்படும் என்.பி.எச். என்ற வகையில் இன்சுலினோடு புரோட்டமைன் என்ற புரதம் சேர்க்கப்பட்டிருக்கிறது. 1936இல் டென்மார்க் ஆய்வாளர் ஹாகடோர்ன் இந்த உத்தியைக் கண்டறிந்தபோது, புரோட்டமைன் மீனின் விந்திலிருந்து எடுக்கப்பட்டது. எங்கள் குமரி மாவட்டத்தில் மீன் சம்பந்தப்படாத பேச்சு ஏது? இந்தப் புரதத்தோடு சேர்ந்த இன்சுலின் நுண்படிகங்களாக மிதப்பதால்தான் மருந்து கலங்கலாகத் தெரிகிறது. குப்பியை அசையாமல் வைத்தால் படிகங்கள் அடியில் தங்கிவிடும். கலக்காமல் எடுத்தால் ஒரு நாள் தெளிநீரும் மறுநாள் மண்டியும் வரும். உள்ளங்கைகளுக்கிடையே குப்பியை மெல்ல உருட்டச் சொல்வது அதனால்தான். இந்த வகையின் வேகம் பெரும்பாலான நாய்களுக்கு ஊசி போட்ட சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். ஏழு மணி ஊசிக்குப் பொன்னி பத்து மணிக்குத் தள்ளாடியது கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

நாய்க்குப் போய் இன்சுலினா என்று கேட்கும் உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. கணையத்தை எடுத்துவிட்டால் சர்க்கரை நோய் வரும் என்பதை 1889இல் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் தெரிந்துகொண்டது ஒரு நாயிடமிருந்து. 1921இல் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றைப் போட்டுப் பார்த்ததும் நாய்களுக்குத்தான். மனிதனுக்கு முதல் ஊசி 1922 ஜனவரியில்தான் போடப்பட்டது. மருந்தை முதலில் பெற்றவர்கள் யார், கடன்பட்டவர்கள் யார் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும்.

மனிதர்களில் பலருக்கு மாத்திரையிலேயே காலம் ஓடுகிறது. நாய்க்கு அப்படி ஓடாது. அதற்கு நோய் வரும்போது இன்சுலின் சுரக்கும் செல்கள் பெரும்பாலும் அழிந்திருக்கும். ஆகவே ஆயுளுக்கும் ஊசிதான். தாத்தாவுக்கு வாங்கிய மாத்திரையைச் சோற்றில் பிசைந்து வைப்பதால் பயனில்லை. தாத்தாவின் 30/70 கலவை இன்சுலினையும் கேட்காமல் தொடக் கூடாது. அதில் முப்பது பங்கு வேகமாக வேலை செய்யும் வகை.

இன்னொரு வேறுபாடு இன்னும் முக்கியமானது. தாத்தாவுக்குச் சர்க்கரை இறங்கினால் "படபடப்பாக இருக்கிறது, ஒரு மிட்டாய் எடு" என்பார். நாய் அதைத் தன் உடம்பால்தான் சொல்ல முடியும். முதலில் நடுக்கம், நிலைகொள்ளாமை, திடீர்ப் பசி. இவை சர்க்கரை இறங்குவதைக் கண்டு உடல் விடும் அட்ரினலினின் வேலை. அடுத்து வெறித்த பார்வை, தள்ளாட்டம், சுவரில் தலையை முட்டி நிற்பது. இவை மூளையின் ஓலம். பிறகு வலிப்பு, மயக்கம். எல்லா நாயும் இந்த வரிசையில் போவதில்லை. பொன்னி நடுங்கியதை யாரும் பார்க்கவில்லை.

அன்று அலமாரியில் மார்த்தாண்டம் தேன் இருந்தது. விரலில் தொட்டு ஈறுகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தேய்த்தேன். தேனில் குளுக்கோஸ் தனியாகவே இருப்பதால் உடலுக்குச் சிக்கல் குறைவு. கருப்பட்டிப் பாகும் உதவும் என்றாலும் அதிலுள்ள சர்க்கரையைக் குடல் முதலில் உடைக்க வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியைக் குழைத்து வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது. மட்டிப்பழம் நாகர்கோவில்காரனின் பெருமை, ஆனால் அவசரத்துக்கு ஆகாது. தொண்டைக்குள் எதையும் ஊற்றக் கூடாது. விழுங்கத் தெரியாத நிலையில் அது நுரையீரலுக்குப் போய்விடும். வலிப்பு வரும்போது பல்லுக்கிடையில் விரலை விடுவது நாயையும் காப்பாற்றாது, விரலையும் காப்பாற்றாது.

சர்க்கரை இல்லாத இனிப்பு, சூயிங்கம் போன்றவற்றில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அது நாய்க்கு நஞ்சு. மனிதக் கணையம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நாயின் கணையமோ சர்க்கரை வந்துவிட்டது என்று ஏமாந்து இன்சுலினைக் கொட்டுகிறது. ஆரோக்கியமான நாயையே அது ஒரு மணி நேரத்துக்குள் வீழ்த்திவிடும். சர்க்கரை நோயாளிக்கு இதமானது என்ற எண்ணத்தில் அன்போடு கொடுக்கப்படுவது என்பதால் சொல்கிறேன்.

தேன் தடவிப் பத்து நிமிடத்தில் பொன்னி தலையைத் தூக்கியது. "பிழைத்துவிட்டது" என்றார் அம்மா. இல்லை, தேன் கரைந்து தீர்ந்துபோகும், எட்டு யூனிட் இன்சுலின் மாலை வரை வந்துகொண்டிருக்கும். விழித்ததும் சாப்பாடு கொடுக்க வேண்டும், கூடவே மருத்துவரிடம் ஓட வேண்டும். அங்கே பார்த்தபோது ரத்தச் சர்க்கரை 38. நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றி, மாலை ஆறு மணி வரை வைத்திருந்தார்கள். அன்றிரவு ஊசி வேண்டாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார்.

ஊசியைத் தவறவிட்டால் நாய் செத்துவிடும் என்ற பயத்திலும் இரண்டு முறை போடும் தவறு நடக்கிறது. ஒரு வேளை தவறினால் சர்க்கரை ஏறும், தண்ணீர் அதிகம் குடிக்கும், மூத்திரம் அதிகம் போகும், அவ்வளவுதான். நாள்கணக்கில் தவறினால்தான் கீட்டோன் அமிலம் சேர்ந்து வாந்தியும் சோர்வுமாக உயிருக்கு ஆபத்து வரும். ஏற்றம் நாள்கணக்கில் கொல்லும். இறக்கம் மணிக்கணக்கில் கொல்லும். எனவே போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும், மருந்து உள்ளே போகாமல் முடியை நனைத்துவிட்டதோ என்று தோன்றினாலும், மறுபடி போடக் கூடாது. சாப்பிட மறுக்கும் நாய்க்கு முழு அளவு போடவே கூடாது. முதலில் சோறு, பிறகு ஊசி. எங்கள் வீட்டில் இப்போது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நாட்காட்டி தொங்குகிறது. போட்டவர் அந்த இடத்திலேயே கோடு போட வேண்டும்.

சிரிஞ்சைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். நம் நாட்டில் இன்சுலின் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது. 40க்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்குரியது ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40 சிரிஞ்சில் நான்காம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது பத்து யூனிட். 40 யூனிட் மருந்தை 100 சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் 1.6 யூனிட்தான். கோடு ஒன்றே, மருந்து ஆறு மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. கடையில் சிரிஞ்சு வாங்கும்போது குப்பியையும் கையில் கொண்டுபோய் இரண்டிலும் உள்ள எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். கடைக்காரர் சலித்துக்கொள்கிறார், சலித்துக்கொள்ளட்டும்.

மருந்து சரியாக இருந்தும் அளவு பிசகும் இடங்கள் உண்டு. ஓடும் தசை இன்சுலின் இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுக்கும். ஆகவே தினமும் முற்றத்தில் படுத்திருக்கும் நாயை ஒரு ஞாயிற்றுக்கிழமை சொத்தவிளைக் கடற்கரைக்குக் கொண்டுபோய் மணலில் விரட்டி விளையாடினால், அதே நான்கு யூனிட் அன்றைக்கு அதிகப்படியாகிவிடும். கிறிஸ்துமஸ் வாரத்தில் இறைச்சிக் கொழுப்பை அள்ளி வைத்தால் கணைய அழற்சி வரலாம். வந்தால் சாப்பாடும் நிற்கும், சர்க்கரையும் தாறுமாறாகும். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் என்று வளர்ந்த பொன்னிக்கு இப்போது தினமும் ஒரே அளவு, ஒரே சாப்பாடு. அதற்கு இதில் உடன்பாடு இல்லை.

பெட்டை நாய்களிடம் இன்னொரு கண்ணி இருக்கிறது. முதலில் எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. கருத்தடை செய்யாத பெட்டை பருவத்துக்கு வந்து போனபின் ஏறத்தாழ இரண்டு மாதம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் உயர்ந்தே இருக்கும். அது பால்சுரப்பிகளைத் தூண்டி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை எதிர்க்கும். அந்த மாதங்களில் மருந்து எவ்வளவு ஏற்றினாலும் போதாததுபோல் தெரியும். பருவம் அடங்கியதும் எதிர்ப்பு விலகிவிடும்; ஏற்றி வைத்த அளவு அப்படியே நிற்கும்; நாய் விழும். பொன்னிக்குக் கருத்தடை செய்தபின் அளவை மருத்துவர் குறைத்தார்.

அளவை நாமே கூட்டக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சர்க்கரை ஆழமாக இறங்கினால் உடல் அலறி அடித்துக்கொண்டு குளுக்ககான், அட்ரினலின், கார்ட்டிசால் என்று சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்கள் எல்லாவற்றையும் விடும். கல்லீரல் கையிருப்பைக் கொட்டும். சில மணி நேரம் கழித்துச் சோதித்தால் 400 என்று காட்டலாம். அதைப் பார்த்து மருந்தைக் கூட்டுபவர், நெருப்பை அணைக்க எண்ணெயைத் தேடுகிறார். ஒரு முறை மட்டும் பார்த்த எண்ணை நம்பாமல், இரண்டு மணிக்கொரு முறை நாள் முழுவதும் பார்த்து வளைகோடு வரைந்தால்தான் உண்மை தெரியும்.

காது மடலின் ஓரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வீட்டிலேயே பார்க்கலாம். மனித ரத்தத்தில் குளுக்கோஸின் 42 சதவீதம்வரை சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது; நாயின் ரத்தத்தில் 12 சதவீத அளவே. மனிதனுக்காக வடிவமைத்த குளுக்கோமீட்டர் இது தெரியாமல் நாயின் சர்க்கரையைப் பெரும்பாலும் குறைத்தே காட்டும். எத்தனை குறைக்கிறது என்பதை மருத்துவரின் ஆய்வக எண்ணோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மருந்தைக் காப்பது எங்கள் ஊரில் தனிப்பாடு. திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்சுலின் குப்பிகள் மண்பானைக்குள் போயின. பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் உள்ளே குளிர்கிறது. ஆனால் காற்று காய்ந்திருந்தால்தான் நீர் ஆவியாகும். காற்றாலைகள் சுழலும் ஆரல்வாய்மொழியில் பானை அருமையாக வேலை செய்யும். தக்கலையின் சாரலில் துணியே காயாதபோது பானை எங்கே குளிரும்? அங்கே சாரலே வெயிலைத் தடுத்துவிடுகிறது என்பதுதான் ஆறுதல்.

இத்தனை கவனித்தும் பொன்னியின் கண்களில் புரை விழுந்துவிட்டது. கண்ணின் வில்லைக்குள் புகுந்த மிகைச் சர்க்கரை சார்பிடால் என்ற பொருளாக மாறி, வெளியேற வழியின்றி நீரை இழுத்து, வில்லையை ஊதவைக்கிறது. சர்க்கரை நோய் வந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு இது நேரும். அறுவையால் சரிசெய்ய முடியும். பொன்னி இப்போது முகர்ந்து நடக்கிறது. காலை ஏழு மணிக்குக் குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறக்கும் ஓசை கேட்டதும், சோற்றுத் தட்டு இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதே ஓசையை அரை மணி கழித்துக் கேட்டாலும் போய் உட்காருகிறது. ஆகவே நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நாங்கள்தான்.